அப்பா 29, மகன் 24: ராய்ஸ் என்ற குட்டி அரசும் அதன் ஹைன்ரிஷ்களும்

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் எபர்ஸ்டோர்ஃப் என்று ஒரு சின்ன ஊர். 18ஆம் நூற்றாண்டில் அதை ஆண்டவர் 29ஆம் ஹைன்ரிஷ். அவர் 1747-இல் இறந்ததும் அவருடைய மகன் பட்டத்துக்கு வந்தார். அந்த மகனின் பெயர் 24ஆம் ஹைன்ரிஷ்.

அச்சுப்பிழை ஏதும் இல்லை. அப்பாவுக்கு 29, மகனுக்கு 24 என்பது சரிதான். இந்தக் கணக்கு ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், ஜெர்மனியில் ஒரு காலத்தில் சிதறிக் கிடந்த குட்டி அரசுகள் எப்படி உண்டாயின, எப்படி ஓடின, எப்படி முடிந்தன என்பதும் பாதி புரிந்துவிடும். அதற்காகத்தான் ராய்ஸ் என்ற இந்த வம்சத்தை எடுத்துக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய, புகழ்பெற்ற அரச குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் ஆணாய்ப் பிறந்த எல்லோருக்கும் எண்ணூறு வருடங்களாக ஒரே பெயரை வைத்த குடும்பம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பிரின்ஸ்' என்றதும் நாம் ராஜாவின் மகனை, அதாவது இளவரசரை நினைத்துக்கொள்கிறோம். ஜெர்மன் மொழியில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள். அரச வீட்டுப் பையன் 'பிரின்ட்ஸ்'. ஒரு நிலத்தைத் தானே ஆள்பவர் 'ஃப்யூர்ஸ்ட்'. இந்த ஃப்யூர்ஸ்ட், அரசருக்கும் கோமகனுக்கும் கீழே, 'கிராஃப்' எனப்படும் பிரபுவுக்கு ஒரு படி மேலே. தமிழில் சிற்றரசர் என்றால் பொருத்தமாக இருக்கும்.

இப்படிப்பட்ட சிற்றரசுகளும் பிரபு நிலங்களும் ஆயர் நிலங்களும் சுதந்திர நகரங்களுமாக ஏறத்தாழ 300 துண்டுகள், புனித ரோமானியப் பேரரசு என்ற ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. கூரையில் பேரரசர். ஆனால் அவரவர் வீட்டுக்குள் வரி, வழக்கு, காவல் எல்லாம் அவரவர் பொறுப்பு. 1806-இல் நெப்போலியன் காலத்தில் அந்தக் கூரை சரிந்தபோது பெரும்பாலான துண்டுகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள். ராய்ஸ் தப்பியது. 1807-இல் நெப்போலியனின் ரைன் கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டார்கள். அவர் வீழ்ந்ததும் 1815-இல் உருவான ஜெர்மன் கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டார்கள். சின்ன அரசுகள் பிழைத்த விதம் இதுதான்: காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

இனி தொடக்கத்துக்குப் போவோம். 12ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தின் முன்னோர் ராஜாக்கள் இல்லை, காரியக்காரர்கள். பேரரசருக்குச் சொந்தமான நிலங்களைப் பார்த்துக்கொண்டு, வழக்கு விசாரித்து, வரி வாங்கி, எல்லையைக் காக்கும் அதிகாரிக்கு 'ஃபோக்ட்' என்று பெயர். வைடா, கேரா, ப்ளாவன் ஆகிய ஊர்களைச் சுற்றி வெள்ளை எல்ஸ்டர் ஆற்றுப் பகுதியில் இந்தப் பதவி இவர்கள் கையில் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன், அவருக்குப் பின் பேரன் என்று வேலை மெல்ல மெல்லச் சொத்தாகிவிட்டது. அந்த வட்டாரத்தை இன்றும் ஃபோக்ட்லான்ட் என்றுதான் அழைக்கிறார்கள். காரியக்காரர் நாடு என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் பேரரசராக இருந்தவர் 6ஆம் ஹைன்ரிஷ். குடும்பம் முன்னுக்கு வர அவர் உதவினாராம். அந்த நன்றிக்கு அடையாளமாக இனிமேல் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர் வைப்போம் என்று முடிவெடுத்தார்கள் என்பது வீட்டுக்குள் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காரணம் எதுவானாலும், 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வேறு பெயர் இல்லை.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பட்டப்பெயர் வைத்தது. 13ஆம் நூற்றாண்டில் ப்ளாவனைச் சேர்ந்த ஒரு ஹைன்ரிஷுக்குக் கிழக்கே ருத்தேனியப் பக்கம், அதாவது இன்றைய உக்ரைன் பகுதியோடு, பெண் எடுத்த வகையில் உறவு. அவரை 'ருத்தேனியர்' என்று பொருள்படும்படி 'ராய்ஸ்' என்றார்கள். அந்தப் பட்டப்பெயரே அவர் வழிவந்தவர்களுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

பாகப்பிரிவினை

சின்ன அரசு ஏன் சின்னதாக இருந்தது என்று கேட்டால், போரில் தோற்றதால் என்று சொல்லத் தோன்றும். வைடாவும் ப்ளாவனும் கைநழுவியதற்குப் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த சாக்சனியின் வெட்டின் வம்சம் ஒரு காரணம்தான். ஆனால் மிச்சம் இருந்ததைத் துண்டு போட்டது வெளியார் இல்லை, பங்காளிகள். மூத்தவனுக்கே முழு நாடும் என்ற வழக்கம் அப்போது இவர்களிடம் கிடையாது. எல்லா மகன்களுக்கும் பங்கு.

1564-இல் பெரிய பாகப்பிரிவினை நடந்தது. மூத்த கிளை, நடுக் கிளை, இளைய கிளை என்று மூன்றாகப் பிரிந்தார்கள். நடுக் கிளை 1616-இல் வாரிசில்லாமல் போக, அதன் சொத்தை மற்ற இரண்டும் பிரித்துக்கொண்டன. மூத்த கிளைக்கு கிரைட்ஸ் என்ற ஊர். அந்த ஒரே ஊரை மறுபடி மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று பிரித்து, இரண்டு அரண்மனைகளில் இரண்டு ஹைன்ரிஷ்கள் ஆண்டார்கள். ஒரு அரண்மனை குன்றின் உச்சியில், இன்னொன்று அதன் அடிவாரத்தில் ஆற்றோரம். 1768-இல் கீழ்ப் பங்கு வாரிசற்றுப் போன பிறகுதான் ஊர் மறுபடி ஒன்றானது. இரண்டு அரண்மனைகளும் இன்றும் நிற்கின்றன.

இளைய கிளை இன்னும் மோசம். கேரா, ஷ்லைட்ஸ், லோபன்ஸ்டைன் என்று பிரிந்து, 1678-இல் லோபன்ஸ்டைனிலிருந்து எபர்ஸ்டோர்ஃப் தனியாகக் கிளம்பியது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், இப்படியே போனால் ஆளுக்கொரு வயல்தான் மிஞ்சும் என்று புரிந்து, மூத்தவனுக்கே பட்டம் என்ற விதிக்கு வந்தார்கள்.

பட்டத்தில் மட்டும் ஏற்றம்தான். 1673-இல் எல்லோரும் பேரரசின் பிரபுக்கள் ஆனார்கள். மூத்த கிளை 1778-இல் ஃப்யூர்ஸ்ட் பட்டம் பெற்றது. லோபன்ஸ்டைனுக்கு 1790-இலும், இளைய கிளையின் மற்ற வீடுகளுக்குப் பேரரசு மூச்சை விடப்போகிற 1806-இலும் அதே பட்டம் கிடைத்தது. கடைசியில் 1848-இல் இளைய கிளையின் துண்டுகள் எல்லாம் கேராவைத் தலைநகராகக் கொண்டு ஒன்றாகச் சேர, வரைபடத்தில் மிஞ்சியவை இரண்டு நாடுகள். மூத்த கிளை ராய்ஸ், 316 சதுர கிலோமீட்டர். இளைய கிளை ராய்ஸ், 827 சதுர கிலோமீட்டர். 316 என்றால் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் ஒரு சதுரம். காலையில் ஒரு எல்லையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த எல்லைக்குப் போய்விடலாம். 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசில் முடியாட்சிகளுக்குள் பரப்பில் மிகச் சிறியது இதுதான். 1910-இல் மக்கள்தொகை 73,000-க்குச் சற்றுக் குறைவு.

இப்போது அந்த எண் கணக்கு

ஆண்டவர்களுக்கு மட்டும் எண் கொடுப்பதுதான் உலக வழக்கம். ராய்ஸ் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு ஆண்குழந்தைக்கும் எண் உண்டு. அவன் ஆண்டாலும் சரி, ஆளாவிட்டாலும் சரி, தொட்டிலிலேயே இறந்துபோனாலும் சரி. பிறந்த வரிசைதான் எண்.

கிளைக்குக் கிளை விதி வேறு. மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டுப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டது. இளைய கிளையில் நூற்றாண்டு மாறினால் எண் மறுபடி ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் இளைய கிளையின் எல்லா வீடுகளிலும் சேர்த்து எண்ணிக்கை 75 வரை போனது. அந்த 75ஆம் ஹைன்ரிஷ் பச்சைக் குழந்தையாகவே 1801-இல் இறந்தார்.

சரி, நம் அப்பா-மகனுக்கு வருவோம். எபர்ஸ்டோர்ஃப் இளைய கிளையைச் சேர்ந்தது. அப்பா பிறந்தது 1699-இல், அதாவது 17ஆம் நூற்றாண்டு வரிசையின் வால் பகுதியில். அதனால் 29. மகன் பிறந்தது 1724-இல், புது வரிசையில். அதனால் 24. அப்பா இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அவர் எண் ஒற்றை இலக்கத்தில் வந்திருக்கலாம்.

மூத்த கிளை 100-ஐத் தொடவே இல்லை. 24-லேயே நின்றுவிட்டது. அது ஏன் என்பது பின்னால் வருகிறது.

சவப்பெட்டி

இத்தனை ஹைன்ரிஷ்களில் தனி முகத்தோடு நினைவில் நிற்பவர்கள் குறைவு. எனக்குப் பிடித்தவர் கேராவை ஆண்ட 'போஸ்டூமுஸ்' ஹைன்ரிஷ். போஸ்டூமுஸ் என்றால் அப்பா இறந்த பிறகு பிறந்தவர். 1572-இல் பிறந்தார். கேராவில் 1608-இல் ஒரு பள்ளியை நிறுவினார். நெதர்லாந்திலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த நெசவுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். கேரா பிற்பாடு துணி நகரம் ஆனதற்கு வித்து அங்கே இருக்கிறது.

ஆனால் அவர் பெயர் இன்று உலகம் முழுக்கப் பாடகர் குழுக்களுக்குத் தெரிந்திருப்பது அவர் சாவுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டால். சாகும் முன்பே தனக்கொரு செப்புச் சவப்பெட்டி செய்யச் சொன்னார். அதன் மூடியிலும் பக்கங்களிலும் தானே தேர்ந்தெடுத்த பைபிள் வசனங்களையும் பாட்டு வரிகளையும் பொறிக்கச் செய்தார். 1635 டிசம்பரில் இறந்தார். முப்பதாண்டுப் போர் ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். 1636 பிப்ரவரியில் அடக்கம் நடந்தபோது, அந்த வரிகளுக்கே ஹைன்ரிஷ் ஷூட்ஸ் இசையமைத்திருந்தார். ஷூட்ஸ் ராய்ஸ் நிலத்தில் கோஸ்ட்ரிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், இசைமேதை பாக் பிறப்பதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு. (அவரும் ஹைன்ரிஷ்தான். ஆனால் எண் இல்லாத ஹைன்ரிஷ்.) அந்த இசையின் கடைசிப் பகுதியில் ஒரு குழு அருகே நின்று, ஆண்டவரே உம் அடியானை அமைதியோடு போக விடும் என்று பாடுகிறது. இரண்டு தேவதூதர்களோடு கிளம்பிவிட்ட ஆன்மாவாக இன்னொரு சிறு குழு தூரத்தில் நின்று பாடுகிறது. அதைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்பது ஷூட்ஸின் குறிப்பு. 'மூசிகாலிஷ எக்ஸேக்வியன்' என்ற பெயரில் பதிவுகள் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள்.

பெயருள்ள பெண்கள்

ஒரே பெயர் என்ற விதி ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு ஆளுக்கொரு பெயர் கிடைத்தது. ஐரோப்பிய வரலாற்றில் ராய்ஸ் குடும்பத்தை நீங்கள் எங்கே சந்தித்தாலும், பெரும்பாலும் இந்தப் பெண்கள் மூலமாகத்தான் சந்திப்பீர்கள். சின்ன அரசிடம் படை இல்லை, பணம் இல்லை. ஆனால் ஆளும் குடும்பம் என்ற அந்தஸ்து இருந்தது. பெரிய அரண்மனைகள் சம்பந்தம் பேச அது போதும். ஆண்கள் பாகம் பிரித்துச் சிறுக்க வைத்த குடும்பத்தை, பெண் கொடுத்ததுதான் பெரிதாக்கியது என்பேன்.

நாம் பார்த்த 29ஆம் ஹைன்ரிஷுக்கு ஒரு தங்கை, எர்ட்மூதா டொரோதியா. அண்ணனுடைய நண்பர் நிக்கோலாஸ் லுட்விக் ஃபான் ட்சின்சன்டோர்ஃப் என்ற பிரபு. இவர் முதலில் மணக்க நினைத்தது தன் உறவுப்பெண் தியோடோராவை. தன் நண்பர் ஹைன்ரிஷுக்கும் அவள் மேல் விருப்பம் என்று தெரிந்ததும் விட்டுக்கொடுத்துவிட்டு, 1722-இல் நண்பரின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அதே வருடம் மொராவியாவிலிருந்து வந்த மத அகதிகள் அவருடைய நிலத்தில் குடியேற, ஹெர்ன்ஹூட் என்ற ஊரும் மொராவிய சகோதரர் சபையும் உருவாயின. கணவர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். சாக்சனியை விட்டு நாடுகடத்தப்பட்டும் இருந்தார். பண்ணையையும் கடனையும் கணக்கையும் கட்டிக் காத்தவர் எர்ட்மூதா. அந்தச் சபையின் ஆட்கள்தான் 1760-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, அருகே 'சகோதரர் தோட்டம்' என்று ஒரு குடியிருப்பு அமைத்து, நாற்பது வருடம் போல இருந்தார்கள்.

விட்டுக்கொடுக்கப்பட்ட தியோடோரா எபர்ஸ்டோர்ஃப் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அவருடைய மகன் 24ஆம் ஹைன்ரிஷ். அந்த ஹைன்ரிஷின் மகள் ஆகஸ்டா, 1757-இல் பிறந்தவர். இவரைக் கட்டியது சாக்ஸ-கோபர்க்-சால்ஃபெல்ட் என்ற இன்னொரு குட்டி அரசின் வாரிசு ஃப்ரான்ட்ஸ். ஆகஸ்டாவின் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு மகள் ரஷ்ய அரச குடும்பத்துக்குப் போனார். ஒரு மகன் லியோபோல்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் அரசர் ஆனார். இன்னொரு மகளின் மகள் விக்டோரியா, பிரிட்டனின் மகாராணி. மூத்த மகனின் மகன் ஆல்பர்ட், அதே விக்டோரியாவின் கணவர். மகாராணிக்கும் அவர் கணவருக்கும் ஒரே பாட்டி, எபர்ஸ்டோர்ஃபில் பிறந்த ஒரு ராய்ஸ் பெண்.

அந்த வரிசை இன்னொரு சுற்றும் வந்தது. ஆகஸ்டாவின் கொள்ளுப்பேரன் ஃபெர்டினாண்ட் பல்கேரியாவின் அரசர். 1908-இல் அவர் இரண்டாம் தாரமாக மணந்தவர் எலியோனோரா, இளைய கிளையின் கோஸ்ட்ரிட்ஸ் வீட்டுப் பெண். தேர்ந்த செவிலி. ரஷ்ய-ஜப்பானியப் போரில் மஞ்சூரியாவில் காயம்பட்டவர்களைப் பார்த்தவர். ராணியான பிறகும் பால்கன் போர்களிலும் முதல் உலகப் போரிலும் ராணுவ மருத்துவமனைகளில்தான் இருந்தார். 1917-இல் இறந்து, சோஃபியாவுக்கு வெளியே பொயானா தேவாலயத்தின் அருகே அடக்கமானார்.

கொள்கைச் சவாரி

ஆண்களையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. 72ஆம் ஹைன்ரிஷ் என்றொருவர் லோபன்ஸ்டைனையும் எபர்ஸ்டோர்ஃபையும் ஆண்டார். அவருடைய ஆட்சியில் ஒவ்வொருவரையும் அவரவர் பதவிப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், இருபது வருடமாக இந்தக் கொள்கையின் மேல் சவாரி செய்துகொண்டிருக்கிறேன் என்ற பொருளில் 1844-இல் ஓர் ஆணை போட்டார். ஜெர்மனி முழுக்கச் சிரித்தது. பிடிவாதமாக விதி பேசுகிறவரை ஜெர்மானியர்கள் இன்றும் 'கொள்கைச் சவாரிக்காரர்' என்று சொல்வது இவரிடமிருந்து வந்தது என்பார்கள். 1843-இல் நாட்டியக்காரி லோலா மோன்டெஸ் இவர் அரண்மனைக்கு விருந்தாளியாக வந்து, ஒத்துப்போகாமல் வெளியேற்றப்பட்டார். அப்புறம் அவர் பவேரியாவுக்குப் போய் அங்கே ஒரு அரசர் முடிதுறக்கவே காரணமானது தனிக்கதை. 1848 புரட்சி வருடத்தில் நம் 72ஆம் ஹைன்ரிஷும் பதவியை விட்டுவிட்டுக் கிளம்பினார். இளைய கிளை ஒன்றானது அப்படித்தான்.

பிரஷ்யாவும் கிரைட்ஸும்

மூத்த கிளையில் 1859-இல் சிற்றரசர் இறந்தபோது மகன் 22ஆம் ஹைன்ரிஷுக்கு வயது 13. தாய் கரோலின் ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஜெர்மன் அரசுகளில் வலுத்து நின்ற பிரஷ்யா என்றாலே அவருக்கு ஆகாது. 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் வந்தது. சுற்றியிருந்த பல குட்டி அரசுகள் பிரஷ்யா பக்கம் ஒதுங்க, 316 சதுர கிலோமீட்டரை வைத்துக்கொண்டு கரோலின் ஆஸ்திரியா பக்கம் நின்றார். ஆகஸ்டில் பிரஷ்யப் படை கிரைட்சுக்குள் வந்தது. 1,00,000 தாலர் அபராதம் கட்டி நாட்டைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. காற்றடிக்கும் பக்கம் சாயாத ஒரே ராய்ஸ் இவர்தான் போலிருக்கிறது.

மகனும் அம்மாவைக் கொண்டார். 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசின் மேலவையில் இருந்த 58 வாக்குகளில் பிரஷ்யாவுக்கு 17, கிரைட்சுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் பேரரசின் சான்சலர் பிஸ்மார்க்குக்கு எதிராகப் போடுவதில் 22ஆம் ஹைன்ரிஷுக்குத் தனி சந்தோஷம். 1902-இல் இறந்தார். அவருக்கு ஐந்து பெண்கள், ஒரே ஒரு மகன். அந்த 24ஆம் ஹைன்ரிஷ் உடலாலும் மனதாலும் நலிந்தவர். ஆள முடியாது. இளைய கிளைப் பங்காளிகளே இரண்டு நாடுகளையும் பார்த்துக்கொண்டார்கள். 1918 நவம்பரில் ஜெர்மனியின் எல்லா முடிகளும் விழுந்தபோது இரண்டு ராய்ஸ்களும் சேர்ந்தே போயின. 1919-இல் ராய்ஸ் மக்கள் அரசு என்று ஒன்றாகி, 1920 மே 1-இல் துரிங்கியா மாநிலத்தில் கரைந்தது. 24ஆம் ஹைன்ரிஷ் 1927-இல் இறக்க, மூத்த கிளையும் அதன் எண் வரிசையும் முடிந்தன.

ஆனால் அவருடைய சகோதரி ஹெர்மினாவின் கதை முடியவில்லை. கணவரை இழந்து, ஐந்து பிள்ளைகளோடு இருந்தவர். 1922-இல் அவருடைய மகன்களில் ஒருவன், நெதர்லாந்தில் டோர்ன் மாளிகையில் நாடிழந்து கிடந்த பழைய பேரரசர் 2ஆம் வில்ஹெல்முக்கு ஒரு கடிதம் எழுதினான். மனம் நெகிழ்ந்த கிழவர் பையனையும் தாயையும் வரச் சொன்னார். அந்த நவம்பரிலேயே கல்யாணம். பாட்டியும் அப்பாவும் வாழ்நாள் முழுக்க வெறுத்த பிரஷ்ய அரச குடும்பத்தின் தலைவருக்கு, நாடே இல்லாத காலத்தில், கிரைட்ஸ் பெண் மனைவியானார். 1941-இல் வில்ஹெல்ம் இறந்தார். ஹெர்மினா 1947-இல் சோவியத் படை வசமிருந்த ஓடர் கரை ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறந்தார்.

இளைய கிளையின் கேரா வீட்டில் கடைசியாக மிஞ்சியவர் 45ஆம் ஹைன்ரிஷ். நாடகப் பித்தர், கேரா நாடக அரங்குக்கு வாழ்நாளைக் கொடுத்தவர். 1945-இல் சோவியத் அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அதே வருடம் ஏப்ரலில் அவர்களுடைய ஓஸ்டர்ஸ்டைன் அரண்மனையும் குண்டு விழுந்து எரிந்திருந்தது. கோபுரம் மட்டும் நிற்கிறது. குடும்பத் தலைமை கோஸ்ட்ரிட்ஸ் வீட்டுக்குப் போனது. கோஸ்ட்ரிட்ஸ் என்றால் ஜெர்மானியர்களுக்கு இன்று முதலில் ஞாபகம் வருவது அந்த ஊரின் கறுப்பு பீர்தான்.

ராய்ஸ் என்ற பெயர் உலகச் செய்திகளில் மறுபடி அடிபட்டது 2022 டிசம்பர் 7-இல். அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டி ஜெர்மன் போலீஸ் ஒரு கும்பலைக் கைது செய்தது. அதில் முக்கியமானவராகச் சொல்லப்பட்டவர் 13ஆம் ஹைன்ரிஷ். 2024 மே மாதம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அவர் மீதான விசாரணை தொடங்கியது. அவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று விலகி நின்ற குடும்பத் தலைவர் 14ஆம் ஹைன்ரிஷ். அந்த நாளில் தலைப்பைப் படித்த பலர், பன்னிரண்டு ராஜாக்களுக்குப் பிறகு வந்த பதின்மூன்றாவது ராஜா என்று நினைத்திருப்பார்கள். இப்போது உங்களுக்குத் தெரியும். 13 பிறந்தது 1951-இல், 14 பிறந்தது 1955-இல். 20ஆம் நூற்றாண்டு வரிசையில் அந்த வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பையன்கள், அவ்வளவுதான்.